துபாய் விசா கையிலே, அம்மா தாலி அடகிலே! அரபு நாட்டுப் பையனுக்கே வேலை தட்டுப்பாடு: இரும்பை வாலிபர்களே, உஷார்!

(நமது நிருபர்)

இரும்பை:

திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் பஸ்சை விட்டு இறங்கினால் இரும்பைக்கு வழி. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் உள்ள ஊர். ஒரு பக்கம் ஆரோவில். கிழக்கே கடல். கடற்கரைச் சாலையோடு வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி, வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்.

இந்த வட்டாரத்து வாலிபப் பிள்ளைக்கு என்ன வேலை?

சவுக்கு வெட்டலாம். மல்லாட்டை பிடுங்கலாம். கட்டட வேலைக்குப் போகலாம். சேதராப்பட்டு கம்பெனிகளில் கான்டிராக்ட் வேலைக்கு நிற்கலாம். மரக்காணம் பக்கம் போனால் உப்பு வாரலாம்.

உப்பு வேலை வருஷம் முழுவதும் கிடையாது. தை பிறந்து வெயில் ஏறினால் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் முடிந்தது. விளைந்த உப்பு ஒரே மழையில் கரைந்துவிடும். மழைக்காலத்தில் அடுப்பு எரியட்டும் என்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பித்ததே 2022-ல்தான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியதும் இந்தக் கடலோரத்தில்தான்.

ஆகவே, டீக்கடை பெஞ்சில் நாலு பையன்கள் உட்கார்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

“அவன் துபாய் போயி மூணு வருஷந்தான்டா ஆச்சு. மாடி எழுப்பிட்டான் பார்த்தியா?”

“மாமா, எனக்கும் ஒரு விசா பாருங்க மாமா!”

வெள்ளிக்கிழமை கெடு!

ஒரு பையனை வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். பெயர் எதற்கு? இந்தக் கடலோரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இப்படி ஒருவன் இருப்பான்.

வயசு 22. பத்தாவது பாஸ். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தவன். தகப்பன் உப்பு வாரிக் காலெல்லாம் வெடித்தவர். தங்கச்சி படிக்கிறாள்.

தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு ஓர் ‘அண்ணன்’ வருகிறார். கையில் செல்போன். அதில் ஒரு விசாவின் படம்.

“தம்பி, துபாய் கம்பெனி. மாசம் 1,200 திர்ஹாம். ரூம் ஃப்ரீ. மொத்தம் ஒண்ணரை லட்சம். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலேன்னா விசா வேற பையனுக்குப் போயிடும். அப்புறம் என்னைக் கேக்காதே!”

பையன் அம்மா முகத்தைப் பார்க்கிறான். அம்மா கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள்.

“தாலிச் செயினை வெச்சாவது அனுப்பறேன்டா கண்ணு. நீ நல்லா இருந்தாப் போதும்.”

அந்தச் செயின் அடகுக் கடைக்குப் போவதற்கு முன்னால் அந்த வீடு தெரிந்துகொள்ள வேண்டிய சேதிகள் சில உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம்ம ரூபாய் ஓடிய நாடு!

இன்று நாம் திர்ஹாமுக்கும் ரியாலுக்கும் ஏங்குகிறோம். ஆனால் ஒரு காலத்தில் அங்கே ஓடியது நம்ம ரூபாய்! வளைகுடாவுக்கென்றே 1959-ல் இந்திய ரிசர்வ் வங்கி தனி நிறத்தில் ரூபாய் நோட்டு அடித்துக் கொடுத்தது. துபாய், அபுதாபி, கத்தார் பக்கமெல்லாம் 1966 வரை அந்த நோட்டுதான் கடைவீதியில் கை மாறியது.

துபாயில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966-ல். 1973 அக்டோபரில் அரபு – இஸ்ரேல் யுத்தம் வந்தது. அரபு நாடுகள் எண்ணெய்க்குப் பூட்டுப் போட்டன. சில மாதத்துக்குள் ஒரு பீப்பாய் விலை 3 டாலரிலிருந்து 12 டாலர் அளவுக்குப் போனது. பணம் கொட்டியது. ரோடு, துறைமுகம், அடுக்குமாடி என்று கட்ட ஆரம்பித்தார்கள். கட்டுவதற்குக் கை வேண்டும். கேரளாவிலிருந்தும், தமிழ்நாட்டிலிருந்தும், ஆந்திராவிலிருந்தும் கைகள் போயின.

போகிறவர்களை ஏமாற்றும் கூட்டமும் கூடவே முளைத்தது. விசா என்று நம்பி பம்பாய் வரை போய், லாட்ஜில் காத்துக் கிடந்து, கையில் இருந்ததையும் இழந்து திரும்பியவர்கள் கதை அந்த நாளில் ஊருக்கு ஊர் உண்டு. 1922-ல் வெள்ளைக்காரன் போட்ட குடிபெயர்வுச் சட்டத்தை எடுத்துவிட்டு 1983-ல் புதிய சட்டம் வந்தது. தமிழ்நாடு அரசு தானே ஆள் அனுப்புவதற்காக 1978-லேயே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் ஏற்படுத்தியது.

இன்று வளைகுடா நாடுகளில் உள்ள இந்தியர் சுமார் 90 லட்சம் பேர். 2015-ல் எடுத்த ஒரு கணக்குப்படி தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டில் இருந்தவர்கள் சுமார் 22 லட்சம். அதில் அமீரகத்தில் மட்டும் சுமார் 4 லட்சம், சவுதியில் சுமார் மூன்றரை லட்சம்.

ஆகவே, வேலை என்பது பொய் அல்ல. மாடி வீடும் பொய் அல்ல. ஆனால் அந்த நாட்டுச் சேதி இன்னொன்று இருக்கிறது. அதை எந்த ஏஜெண்டும் சொல்லமாட்டார்.

அங்கேயும் வேலையில்லாத் திண்டாட்டம்!

அரபு நாடு என்றால் துபாய் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அரபு லீக்கில் 22 நாடுகள். துபாயைப் போல மின்னுவது நாலைந்துதான். எகிப்து, ஜோர்டான், ஏமன், சூடான், துனிசியா என்று மற்ற இடங்களில் பட்டம் படித்த பையன் வேலை தேடி அலைகிறான். நம்ம ஊரில் அலைவது போலத்தான்!

உலகத் தொழிலாளர் நிறுவனத்தின் கணக்கைக் கேளுங்கள். 2023-ல் உலகம் முழுவதும் வேலை தேடும் இளைஞர்களில் வேலை கிடைக்காதவர்கள் 100-க்கு 13 பேர். அரபு நாடுகள் பிராந்தியத்தில் 100-க்கு 28 பேர்! உலகத்திலேயே இதுதான் அதிகம்.

எண்ணெய் உள்ள ஊரில் இப்படியா என்று கேட்கலாம். எண்ணெய்க் கிணறு பணத்தைக் கொட்டும். ஆனால் அதை இயக்க நிறையப் பேர் வேண்டாம். அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு வெகுநாளாக சர்க்கார் உத்தியோகமே வேலை. எல்லோருக்கும் நாற்காலி போட சர்க்காரால் முடியுமா? தனியார் கம்பெனிகளோ குறைந்த சம்பளத்துக்கு வெளிநாட்டு ஆள் கிடைக்கும்போது உள்ளூர்ப் பையனை ஏன் எடுக்கும்?

இந்த ஏக்கம் ஒரு தடவை வெடித்தே விட்டது. துனிசியாவில் முகமது புவாசிசி என்ற 26 வயது வாலிபர். தள்ளுவண்டியில் பழம், காய்கறி விற்றவர். 2010 டிசம்பர் 17-ல் அதிகாரிகள் அவர் சரக்கைப் பறித்தார்கள். மனம் வெந்து தன் உடம்பில் தானே தீ வைத்துக்கொண்டார். 2011 ஜனவரி 4-ல் உயிர் போனது. ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். பத்தே நாளில், ஜனவரி 14 அன்று, 23 வருஷம் ஆண்ட ஜனாதிபதி பென் அலி நாட்டை விட்டு ஓடினார். எகிப்து, லிபியா, ஏமன், சிரியா என்று நெருப்பு பரவியது.

பக்கத்து வீட்டில் பற்றிய தீயைப் பார்த்துப் பணக்கார ராஜ்ஜியங்களும் விழித்துக்கொண்டன. “முதலில் நம்ம பிள்ளைக்கு வேலை” என்று சட்டம் போட ஆரம்பித்தன.

சிவப்பு, மஞ்சள், பச்சை!

2011-ல் சவுதி அரேபியா ‘நிதாகத்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. எத்தனை சவுதிக்காரருக்கு வேலை கொடுத்திருக்கிறாய் என்று பார்த்துக் கம்பெனிக்கு நிறம் குத்துவார்கள். பச்சை என்றால் நல்ல பிள்ளை. சிவப்பு என்றால் புதிய விசா கிடையாது. 2013-ல் கெடுபிடி முற்றியபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

அதோடு நின்றதா? 2018 ஜனவரியில் ஓமன் 87 வகை வேலைகளுக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்தது. அதே வருஷம் ஜூன் 24 முதல் சவுதியில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி வந்தது. ஹவுஸ் டிரைவர் வேலையை நம்பிப் போனவர்கள் யோசிக்கவேண்டிய சேதி! அமீரகத்தில் 50 பேருக்கு மேல் வேலை பார்க்கும் தனியார் கம்பெனி, திறமை வேலைகளில் தன் நாட்டாரை வருஷத்துக்கு 2 சதவீதம் கூட்டவேண்டும் என்று 2022 முதல் விதி. கூட்டாவிட்டால் அபராதம்.

பலன் இல்லாமலும் இல்லை. 2024 கடைசியில் சவுதிக்காரரிடையே வேலையின்மை 7 சதவீதமாக இறங்கியது. அந்த நாட்டுப் பெண்கள் கடைகளிலும் ஆபீசுகளிலும் வேலைக்கு வந்துவிட்டார்கள்.

நமக்கு இதனால் என்ன?

இதுதான்: கவுண்டர், கணக்கு, கடை சேல்ஸ், ஆபீஸ் உதவி போன்ற நிழல் வேலைகளுக்கு இனி அங்குள்ள பிள்ளையே போட்டிக்கு வருகிறான். நம்ம பையனுக்கு மிச்சமாவது பெரும்பாலும் அவர்கள் தொடாத வெயில் வேலையும், கைத்தொழில் தெரிந்த வேலையும்தான். அதற்கு ஆள் தேவை இன்னும் இருக்கிறது. 2030-ல் ரியாத்தில் உலகக் கண்காட்சி, 2034-ல் சவுதியில் உலகக் கோப்பை கால்பந்து. கட்டவேண்டியது மலை போலக் கிடக்கிறது.

ஆனால் சும்மா போய் நிற்கமுடியாது. பிளம்பர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற வேலைகளுக்கு சவுதி இந்தியாவிலேயே தேர்வு வைத்துத் திறமையைப் பார்க்கிறது. நம்ம 22 வயசுப் பையன் வெல்டிங் கற்றவன். அவனுக்கு அது பலம். ஒன்றும் கற்காமல் ‘ஹெல்ப்பர்’ என்று போகிறவனுக்குத்தான் கஷ்டம்.

தாலி மீட்க எத்தனை மாசம்?

இப்போது கணக்குக்கு வருவோம். கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம்.

மாசம் 1,200 திர்ஹாம். ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 27,600 ரூபாய். சாப்பாடு, போன், சோப்பு, பஸ் என்று எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் 300 திர்ஹாம் போய்விடும். ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது 900 திர்ஹாம். அதாவது 20,700 ரூபாய்.

ஒண்ணரை லட்சம் கடன். நூற்றுக்கு மாசம் 2 ரூபாய் வட்டி என்றால் வட்டி மட்டும் 3,000. மிச்சம் 17,700. அப்பா, அம்மா, தங்கச்சி மூன்று பேரும் அதில் ஒரு காசு கூட எடுக்காமல் இருந்தால் எட்டரை மாசத்தில் அசல் அடையும். சாப்பிட்டார்கள் என்றால் ஒண்ணரை வருஷம், இரண்டு வருஷம்! அதற்குள் ஒப்பந்தமே முடிந்துவிடும்.

சரி, சட்டப்படி ஏஜெண்டு எவ்வளவு வாங்கலாம்?

30,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்குமேல் சேவைக் கட்டணம் கேட்கக் கூடாது. வாங்கியதற்கு ரசீது கொடுக்கவேண்டும். ஒண்ணரை லட்சத்தில் இதைக் கழியுங்கள். 1,14,600 ரூபாய்! டிக்கெட்டு, மெடிக்கல் என்று செலவு சொல்வார்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிக் கேளுங்கள். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது, முதலாளிதான் ஏற்கவேண்டும் என்கிறது. அப்படியிருக்க, அம்மாவின் செயின் எதற்கு அடகுக் கடைக்குப் போகவேண்டும்?

விசிட் விசா என்ற பொறி!

செல்போனில் காட்டிய அந்த விசாவைப் பெரிதாக்கிப் பாருங்கள். என்ன வகை என்று எழுதியிருக்கும். சுற்றிப்பார்க்கும் விசா என்றால், அதில் போய் வேலை பார்ப்பது அந்த நாட்டில் குற்றம்.

“போய் இறங்கினதும் மாத்திக்கலாம் தம்பி” என்பார் அண்ணன். மாறினால் சரி. மாறாவிட்டால்? தேதி முடிந்ததும் நாளுக்கு நாள் அபராதம். போலீஸ் கண்டால் ஓடவேண்டும். சம்பளம் தராவிட்டால் புகார் செய்யவும் வழியில்லை. வேலைக்காரன் என்று காகிதத்தில் பெயர் இருந்தால்தானே!

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பத்தாவது பாஸ் செய்யாதவர்கள் பாஸ்போர்ட்டில் ‘குடிபெயர்வு அனுமதி தேவை’ என்று முத்திரை இருக்கும். அவர்கள் சவுதி, குவைத், அமீரகம் உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கம்பெனி உண்மையா, ஒப்பந்தம் என்ன, சம்பளம் என்ன என்று அங்கே பார்ப்பார்கள். 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம். இரண்டு வருஷத்துக்குக் கட்டணம் வெறும் 275 ரூபாய்.

நம்ம பையனோ பத்தாவது பாஸ். அவனுக்கு அந்த முத்திரை இல்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் முத்திரை இல்லை என்றால் அவனுக்காகக் காகிதத்தைப் பார்க்க அதிகாரியும் இல்லை என்று அர்த்தம்! படித்தவன் தன் காகிதத்தைத் தானே பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஒரே ரூமில் எத்தனை பேர்?

வெயில் நம்ம பிள்ளைக்குப் புதிது அல்ல. பாத்தியில் நின்றவன் வீட்டுப் பிள்ளை. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை மணியிலிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று விதி உண்டு. மரக்காணத்து உப்பளத்தில் அப்படி ஒரு விதி இருந்தால் எத்தனை பேர் கும்பிடுவார்கள்!

ஆனால் ‘ரூம் ஃப்ரீ’ என்ற சொல்லைக் கேட்டு மயங்கக் கூடாது. 2024 ஜூன் 12 விடியற்காலை குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியது. தூங்கியவர்கள் தூக்கத்திலேயே புகையில் மாட்டிக்கொண்டார்கள். 45 இந்தியர் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்தன. அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். நெரிசலும், அறைகளைத் தடுத்த பொருளும் பேச்சுக்கு வந்தது அதற்கு அப்புறந்தான்.

பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் குற்றம்தான். ஆனாலும் நடக்கிறது. பழைய ‘கஃபாலா’ முறையில் முதலாளி கையெழுத்து இல்லாமல் வேறு வேலைக்குப் போகமுடியாது. கத்தார் 2020-ல் இதைத் தளர்த்தியது. 2021 மார்ச் முதல் மாசம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் என்றும் வைத்தது. சவுதியும் அதே மாதம் சில கட்டுகளை அவிழ்த்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் சட்டம் கைகொடுப்பது ஒப்பந்தம் கையில் இருப்பவனுக்குத்தான்.

ஆபத்து வந்தால் சர்க்கார் கைவிடுவதில்லை. 1990 ஆகஸ்டில் குவைத்தை ஈராக் பிடித்தபோது ஏர் இந்தியா 488 தடவை பறந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கூட்டிவந்தது. ஆனால் யார் எங்கே இருக்கிறார் என்ற பதிவு இருந்தால்தானே தேடிவர முடியும்?

நாலே கேள்வி!

ஆகவே, வெள்ளிக்கிழமை அண்ணன் வரும்போது பையன் பணத்தை எடுக்கவேண்டாம். நாலு கேள்வியை எடுக்கட்டும்.

ஒன்று: “அண்ணே, உங்க ஏஜென்சி ரிஜிஸ்டர் நம்பர் என்ன?” மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிகளின் பட்டியல் இருக்கிறது. பெயரும் நம்பரும் அதில் இருக்கிறதா, இன்னும் செல்லுபடி ஆகிறதா என்று பத்தே நிமிஷத்தில் பார்த்துவிடலாம். ‘அவங்களுக்கு நான் சப் ஏஜெண்டு’ என்றால் அந்த ஏஜென்சிக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

இரண்டு: “இது வேலை விசாவா, விசிட் விசாவா?”

மூன்று: “ஒப்பந்தக் காகிதம் எங்கே?” சம்பளம், வேலை நேரம், ஓவர்டைம், தங்குமிடம், திரும்பி வர டிக்கெட்டு எல்லாம் அதில் எழுத்தில் இருக்கவேண்டும். வெல்டர் என்று சொல்லிவிட்டு ‘கிளீனர்’ என்று எழுதியிருந்தால் அங்கே போய்க் கிளீனர்தான்.

நாலு: “பணத்தை பேங்கு மூலமா கட்டறேன், ரசீது தருவீங்களா?”

நல்ல ஏஜெண்டு பதில் சொல்லுவார். நல்லவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். “என்னையே சந்தேகப்படறியா?” என்று அண்ணன் எகிறினால், அதுவே பதில்!

சந்தேகம் இருந்தால் கேட்கவும் ஆள் உண்டு. வெளிநாடு போகும் தொழிலாளர்களுக்காக மத்திய அரசின் இலவச போன்: 1800 11 3090. சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள தமிழர்களுக்கென்று மாநில அரசின் நல வாரியமும் இருக்கிறது. புறப்படும் முன் ஒரு நாள் இலவசப் பயிற்சி வகுப்பும் நடத்துகிறார்கள். அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, சம்பளம் வராவிட்டால் எங்கே போவது என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றிலும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தங்கச்சிக்குத் தெரியும்.

போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உப்பளத்து வெயிலில் வெடித்த காலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மாடி வீடு கட்டவேண்டும் என்ற ஆசை வந்தால் அது தப்பே இல்லை. போகட்டும்! தொழில் கற்றுக்கொண்டு போகட்டும். சரியான காகிதத்தோடு போகட்டும். அங்கே இருக்கும் வாலிபனும் வேலை தேடுகிறான், அவனுடைய சர்க்கார் அவனுக்காக நிற்கிறது என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

வெள்ளிக்கிழமை போனால் இன்னொரு வெள்ளிக்கிழமை வரும். விசா போனால் இன்னொரு விசா வரும். அடகுக் கடையில் மூழ்கிய தாலிச் செயின் திரும்பி வருமா?

கேட்டுவிட்டுப் பணம் கட்டு, தம்பி!